புதிய மாடி பஸ்ஸை எடைபோடுவது எப்படி: முகத்தைக் கடைசியில் பாருங்கள்

புதிய மாடி பஸ் ஒன்றின் படம் வெளிவந்தால் பஸ் ஆர்வலர்கள் முதலில் அதன் முகத்தைத்தான் அலசுவார்கள். முன்விளக்கு கோபமாக இருக்கிறது, கண்ணாடி வளைவு நன்றாக இருக்கிறது, இந்தச் சிவப்பு பழைய சிவப்பே இல்லை என்று வாதம் நாள்கணக்கில் ஓடும். முகம் பிடிக்காவிட்டால் ஒரு மாதத்தில் பழகிவிடும். மாடிப்படி, கதவு, மேல்தளத்துக் காற்று ஆகிய மூன்றில் கோளாறு இருந்தால் வண்டி கழிக்கப்படும் வரை யாருக்கும் பழகாது. ஆகவே கருத்துச் சொல்லுமுன் கீழ்க்கண்ட வரிசையில் வண்டியைப் பாருங்கள்.

கையில் 3 மீட்டர் அளவு நாடா, போன், குறிப்பேடு போதும். வண்டி கடைசி நிறுத்தத்தில் காலியாக நிற்கும்போது, ஓட்டுநரிடம் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். ஓடும் வண்டியில் படிக்கட்டை அளக்க முயல வேண்டாம்.

முதலில் விவரத்தாள்

உயரம், நீளம், இருக்கை எண்ணிக்கை ஆகிய மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் மாடி பஸ்ஸுக்கு விதி அனுமதிக்கும் உயரம் 4.75 மீட்டர். லண்டன், சிங்கப்பூர் வண்டிகள் 4.4 மீட்டரை ஒட்டி இருக்கும். ஜெர்மனியில் பொது வரம்பே 4 மீட்டர் என்பதால் பெர்லின் வண்டிகளின் மேல்தளத்தில் உயரமானவர்கள் குனிந்துதான் நடக்க வேண்டும். தாழ்தள வண்டியில் சாலைக்கும் கீழ்த்தளத்துக்கும் இடையே சுமார் 35 செ.மீ. போய்விடும். மிச்சத்தை இரண்டு தளங்களும், இடைத்தளமும், கூரையும், ஏசி குழாயும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஏசி குழாய் எங்கே ஓடுகிறது என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். சன்னலுக்கு மேலே ஓரமாக ஓடினால் சன்னலோரம் உட்கார்பவர் எழும்போது தலை இடிக்கும்.

இருக்கை எண்ணிக்கையைத் தனியாகப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். லண்டனின் பழைய ரூட்மாஸ்டர் 8.4 மீட்டர் நீளத்தில் 64 பேரை உட்கார வைத்தது. 2012-இல் ஓடத் தொடங்கிய புதிய ரூட்மாஸ்டர் 11 மீட்டரைத் தாண்டியும் 62 இருக்கைதான். வடிவமைப்பாளர் சோம்பேறி என்று இதற்கு அர்த்தமில்லை. மூன்று கதவு, இரண்டு மாடிப்படி, சக்கர நாற்காலிக்கான இடம், தாழ்தளத்தால் உள்ளே துருத்தும் சக்கர மேடுகள் எல்லாமே இருக்கைகளைத் தின்பவை. தாளில் வராத எண் ஒன்று உண்டு, அதை நீங்களே எண்ண வேண்டும்: கீழ்த்தளத்தில் ஒரு படிகூட ஏறாமல் உட்காரக்கூடிய இருக்கை எத்தனை? சக்கர மேட்டின் மேல் இருக்கும் சீட்டுகளைக் கழித்துவிடுங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மிஞ்சியதுதான் பஸ்.

மாடிப்படி: இங்கேதான் அதிக நேரம் நில்லுங்கள்

படி எந்தப் பக்கம் பார்த்து ஏறுகிறது என்பதே முதல் கேள்வி. பிரேக் பிடித்தால் உடம்பு வண்டி போகும் திசையில் பாயும். பின்னாலிருந்து முன்னோக்கி ஏறும் படியென்றால், பிரேக்கில் தள்ளப்படுபவர் மேற்படிகளின் மேல் சாய்வார். முழங்காலில் அடிபடலாம், அதோடு தப்பிப்பார். முன்னாலிருந்து பின்னோக்கி ஏறும் படியென்றால், அதே பிரேக் அவரைக் கீழே உருட்டிவிடும். பலமாகப் பிரேக் பிடித்தால் பயணி கீழ்நோக்கி எறியப்படக் கூடாது என்று ஐ.நா.வின் 107-ஆம் எண் பஸ் விதியே சொல்கிறது. முன்னோக்கி இறங்கும் பகுதியே இல்லாமல் செய்யலாம், அல்லது தடுப்பு வைக்கலாம். வளைந்து திரும்பும் படி என்றால் வளைவில் அப்படியொரு தடுப்பு உண்டா என்று பாருங்கள்.

அடுத்து நாடாவை எடுங்கள். ஒவ்வொரு படியின் உயரத்தையும் தனித்தனியாக அளங்கள். 25 செ.மீ.க்கு மேல் போனால் முதியவர்களுக்குக் கஷ்டம். அதைவிட மோசமானது, படிகளுக்குள் உயரம் மாறுவது. கால் ஒரே அளவை எதிர்பார்க்கும், இரண்டு செ.மீ. வித்தியாசமே தடுக்கிவிடப் போதும். பெரும்பாலும் முதல் படியோ கடைசிப் படியோதான் ஒத்துவராது, ஏனென்றால் தளங்களின் உயரம் முடிவானபிறகு படியை நடுவில் திணிக்கிறார்கள். கைப்பிடிக் கம்பி இரண்டு பக்கமும் இருக்கிறதா, மேல்தளத்தில் முதல் இருக்கையின் கம்பி வரை கை விடாமல் போக முடிகிறதா? இடையில் ஒரு முழத்துக்குப் பிடியே இல்லாமல் இருந்தால், வண்டி திரும்பும்போது அங்கேதான் ஆள் விழுவார்.

இரண்டு படிக்கட்டு உள்ள வண்டியில் ஏற ஒன்று, இறங்க ஒன்று என்று தெளிவாகப் பிரித்திருக்கிறார்களா என்பதும் முக்கியம். மும்பையில் நகர பஸ்களை ஓட்டும் பெஸ்ட் நிறுவனம் 2023 பிப்ரவரியில் இறக்கிய ஸ்விட்ச் மின்சார மாடி பஸ்ஸில் முன்னும் பின்னும் கதவு, இரண்டு மாடிப்படி. அந்த ஊரில் 1937 முதல் ஓடிய மாடி பஸ்களில் பின்பக்கத்து ஒற்றைப் படிதான் வழக்கமாக இருந்தது. கடைசி டீசல் வண்டி 2023 செப்டம்பரில் நின்றது. (ஸ்விட்ச், சென்னையின் அசோக் லேலண்ட் குழுமத்தைச் சேர்ந்தது.)

கதவு

நெரிசல் நேரத்தில் ஒரு நிறுத்தத்தில் நின்று, கதவு திறந்ததிலிருந்து மூடும் வரை எத்தனை நொடி, எத்தனை பேர் ஏறி இறங்கினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு நிறுத்தங்கள் எடுத்தால் சராசரி கிடைக்கும். மாடி பஸ்ஸின் பெரிய பலவீனம் இறங்குவதுதான். மேலிருந்து வருபவர் படியிறங்கி, கீழே நிற்பவர்களைத் தள்ளிக்கொண்டு கதவுக்கு வரவேண்டும். படியின் அடிவாரமும் இறங்கும் கதவும் நேருக்கு நேர் இருந்தால் அரைப் பிரச்சினை தீர்ந்தது. சிங்கப்பூர் 2017-இல் மூன்று கதவு, இரண்டு படி உள்ள மாடி பஸ்களைச் சோதித்துப் பார்த்து, மறு ஆண்டு அப்படிப்பட்ட 100 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்ததன் காரணம் இதுதான்.

ஆனால் கதவு இருந்தால் மட்டும் போதாது, அதை இயக்கும் ஏற்பாடும் நிலைக்க வேண்டும். புதிய ரூட்மாஸ்டரின் பின்வாசல், பழைய வண்டியைப் போலத் திறந்தபடி ஓடுவதற்காக வரையப்பட்டது. அங்கே ஓர் ஊழியர் நிற்க வேண்டும். 2016-இல் செலவைக் காரணம் காட்டி அந்த ஊழியர்களை எடுத்துவிட்டார்கள். 2020-இல், டிக்கெட் எடுக்காமல் ஏறுவது அதிகமானதால், முன்கதவு வழியாக மட்டுமே ஏற வேண்டும் என்றாயிற்று. வண்டியின் தனிச்சிறப்பாகப் பேசப்பட்டது இப்போது வெறும் இறங்கும் வழி. எனவே எந்தப் புதுமையைப் பார்த்தாலும் கேளுங்கள்: இது வேலைசெய்ய யாருக்காவது மாதச் சம்பளம் கொடுக்க வேண்டுமா? பழைய மும்பை மாடி பஸ்ஸுக்கும் தளத்துக்கு ஒருவர் என இரண்டு கண்டக்டர்கள் தேவைப்பட்டார்கள். அந்தச் செலவும் அதன் எண்ணிக்கை குறையக் காரணங்களில் ஒன்று.

காற்றும் வெயிலும்

மேல்தளத்தை மதியம் 2 மணிக்குச் சோதியுங்கள், காலை 8 மணிக்கு வேண்டாம். கூரைதான் நேரடி வெயில் வாங்குகிறது, கூடவே முன்கண்ணாடி பெரிதாக ஆக வெப்பமும் ஏறும். முதல் வரிசை, நடு, கடைசி வரிசை மூன்றிலும் ஒரு சாதாரண வெப்பமானியைப் பத்து நிமிடம் வையுங்கள். முதல் வரிசையும் கடைசி வரிசையும் 3 டிகிரிக்கு மேல் வேறுபட்டால் குளிர்காற்றுப் பங்கீடு சரியில்லை. பிறகு திறக்கும் சன்னல்களை எண்ணுங்கள். புதிய ரூட்மாஸ்டரில் முதலில் அவை இல்லை, காற்றுக் குளிரூட்டும் அமைப்பே போதும் என்று நம்பினார்கள். கோடையில் மேல்தளம் அடுப்பானது. 2015-இல் திறக்கும் சன்னல்களைப் பொருத்த முடிவெடுக்க வேண்டியதாயிற்று. மும்பைக்காரர்கள் புதிய ஏசி மாடி பஸ்ஸில் முன்சன்னல் காற்றை இழந்ததைப் பற்றிப் புலம்புவதும் வெறும் பழைய நினைவு அல்ல. ஏசி பழுதானால் அந்த மூடிய கண்ணாடிக்குள் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி.

மின்கலம்

பேட்டரியின் எடையைக் கணக்குப் போட விவரத்தாளே போதும். ஒரு கிலோ பேட்டரிப் பொதிக்கு 0.15 கிலோவாட் மணி என்று வைத்தால், 300 கிலோவாட் மணிக்கு 2 டன். விதிப்படி நகரப் பயணி ஒருவருக்கு 68 கிலோ, ஆக அது சுமார் 30 பேரின் எடை. அடுத்து தூரம். மும்பை வண்டிக்கு 231 கிலோவாட் மணி, 250 கி.மீ. வரை என்கிறார்கள். வகுத்தால் கி.மீ.க்கு 0.92 கிலோவாட் மணி. ஏசியும் நெரிசலும் சேர்ந்து 1.3 ஆனால், பேட்டரியில் 15 சதவீதத்தைத் தீர்க்காமல் விட்டுவைத்தால், கையில் இருப்பது 150 கி.மீ. இது ஒரு மாதிரிக் கணக்குதான்; உங்கள் ஊர் வண்டியின் எண்களைப் போட்டு, ஒரு நாள் ஓட்டத்தோடு ஒப்பிடுங்கள். பேட்டரி பின்னால் அடுக்கியிருந்தால் கீழ்த்தளப் பின்வரிசையும் பின்கண்ணாடியும் போயிருக்கும், அதையும் பாருங்கள். மேல்தளம் நிறைந்த நிலையில் வண்டி கவிழ்கிறதா என்று பக்கவாட்டில் 28 டிகிரி சாய்த்துச் சோதிப்பார்கள் என்பதால், கனத்தைக் கூரைக்குக் கொண்டுபோகாமல் கீழே வைப்பதே நல்லது.

கடைசியாக முகம்

நடைபாதைப் பக்கத்து மேல்மூலையைத்தான் மரக்கிளை முதலில் அடிக்கும். அங்கே தடுப்புக் கம்பி உண்டா, கண்ணாடி ஒரே வளைந்த துண்டா அல்லது இரண்டா? ஒரே துண்டு அழகு. உடைந்தால் மாற்றக் கண்ணாடி வரும்வரை வண்டி டிப்போவில் நிற்கும். படிக்கட்டை ஒட்டிச் சாய்ந்து ஓடும் புதிய ரூட்மாஸ்டரின் கண்ணாடி எனக்கும் பிடித்ததுதான், படியில் வெளிச்சம் விழுகிறது என்ற நடைமுறைப் பயனும் அதற்குண்டு. படம் எடுக்கும்போது வழிப்பலகை எழுத்து பாதி மறைந்தால் பலகையைக் குறை சொல்லாதீர்கள், அதன் எல்.இ.டி. விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிவதால் அப்படி விழுகிறது. ஷட்டர் வேகத்தை 1/100-க்கு அல்லது அதற்கும் கீழே குறையுங்கள்.

முதல் மழைக்காலம் முடிந்ததும் அதே வண்டியை மறுபடி பாருங்கள். கூரை இணைப்பில் நீர்க்கறை, மேல்தள முன்கண்ணாடியின் ஓரத்தில் ஈரம், படியின் விளிம்புப் பட்டை பிரிந்திருப்பது, கைப்பிடிக் கம்பியின் திருகு தளர்ந்து ஆடுவது, கதவு மூடும்போது ஒருமுறை திணறித் திரும்பத் திறப்பது ஆகியவற்றைத் தேதியோடும் வண்டி எண்ணோடும் குறித்து, அடுத்த தொகுதிக்கு ஆர்டர் போகுமுன் போக்குவரத்துக் கழகத்துக்கு அனுப்புங்கள்.