உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈஸ்டர் முடிந்து காலேஜுக்குப் போகும் நம் வாலிபப் பிள்ளைகளிடம் நண்பர்கள் கேட்பது வழக்கம்: "செத்தவர் எப்படிடா எழுந்திருப்பார்? நிஜமாவே நம்புறியா?" நியாயமான கேள்விதான். அதற்கு நல்ல பதிலும் இருக்கிறது. ஆனால் வேலூர் பக்கத்துச் சபைகளில் நான் பார்த்தவரை, அந்தப் பதிலை விட்டுவிட்டு நிற்காத காரணங்களைத்தான் பலரும் முதலில் சொல்கிறார்கள். அதில் ஒன்று பொய் என்று தெரிந்தாலும் போதும், கேட்டவர் மீதி எதையும் நம்பமாட்டார்.

"வேதத்தில் இருக்கிறது, அதனால் உண்மை" என்பது அப்படி ஒரு பதில். வேதத்தை வேதமாக ஏற்காதவருக்கு அது காரணமே ஆகாது. அதற்குப் பதிலாக, அந்த எழுத்துகள் எவ்வளவு பழையவை, யார் எழுதியது என்று சொல்லுங்கள். இயேசு சிலுவையில் அறையப்பட்டது கி.பி. 30 அல்லது 33 வாக்கில். பவுல் கொரிந்தியருக்கு முதல் நிருபம் எழுதியது 55 வாக்கில். அதன் 15ஆம் அதிகாரத்தில், கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், எழுந்தார், பேதுருவுக்கும் மற்றவர்களுக்கும் தரிசனமானார் என்பதைத் தான் பிறரிடமிருந்து பெற்றுக்கொண்ட செய்தியாகவே எழுதுகிறார். அதாவது நிருபத்தைவிடச் செய்தி பழையது. அவர் எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு பதினைந்து நாள் தங்கியதையும், இயேசுவின் சகோதரர் யாக்கோபைப் பார்த்ததையும் கலாத்தியர் நிருபத்தில் சொல்கிறார். பவுல் சபையைத் துன்பப்படுத்தியவர். யாக்கோபோ, இயேசு உயிரோடிருந்த காலத்தில் அவரை விசுவாசிக்காத குடும்பத்தில் ஒருவர். இந்த இரண்டு பேரும் மாறியது ஏன் என்ற கேள்வியை நண்பர் முன்னால் வையுங்கள். என் மனதில் இதுதான் மிகக் கனமான காரணம். கொரிந்தியர் நிருபத்தின் அதே 15ஆம் அதிகாரத்தில், உயிர்த்த இயேசுவைக் கண்டதாக வரும் ஐந்நூறு பேரை மட்டும் ஐந்நூறு தனித்தனிச் சாட்சியங்களாக எண்ணாதீர்கள். நம் கையில் இருப்பது பவுல் தருகிற ஒரே தகவல்.

அடுத்து, மிகைப்படுத்துவது. இயேசுவின் உடலைச் சுற்றியது என்று சிலர் சொல்லும் டூரின் சவத்துணியை ஆதாரமாகக் காட்டி வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே அனுப்பாதீர்கள். 1988இல் நடந்த கார்பன் சோதனை, அந்தத் துணி 1260க்கும் 1390க்கும் இடைப்பட்டது என்றது. அதைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. நம் விசுவாசம் அந்தத் துணியில் தொங்கவேண்டிய அவசியமும் இல்லை. அதேபோல, "பன்னிரண்டு அப்போஸ்தலரும் இரத்தசாட்சிகளாக மரித்தார்கள்" என்று அடித்துச் சொல்லாதீர்கள். செபெதேயுவின் மகன் யாக்கோபு கொல்லப்பட்டது அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. பேதுரு, பவுலின் மரணத்துக்கும் பழைய சாட்சியம் உண்டு. பரங்கிமலையில் தோமா குத்தப்பட்டார் என்பது நமக்குப் பிரியமான பாரம்பரியம். அதைப் பாரம்பரியம் என்றே சொல்லலாம்.

நான்கு சுவிசேஷங்களும் வரிக்கு வரி ஒத்துப்போகின்றன என்பதும் வேண்டாம். கல்லறைக்குப் போன பெண்கள் யார் யார், தூதன் ஒருவரா இருவரா என்பதில் வேறுபாடு இருக்கிறது. படித்தவர் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் நான்கிலும் முதலில் போனது பெண்கள்தான், மகதலேனா மரியாளும் நான்கிலும் இருக்கிறாள். பெண்களின் சாட்சியை ஏற்கக்கூடாது என்று யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதிய காலம் அது. கதை கட்டுகிறவர் அப்படிப்பட்ட சாட்சிகளைத் தேர்ந்தெடுத்திருப்பாரா?

பழைய வட ஆற்காடு முழுக்க, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று, இஸ்லாமியரோடு பக்கத்தில் வாழ்கிறோம். இயேசுவை ஈஸா நபி என்று மதிக்கும் அவர்கள், அவர் சிலுவையில் மரித்ததை ஏற்பதில்லை. அங்கே போய்க் காலியான கல்லறையிலிருந்து பேச்சைத் தொடங்கினால் எப்படி? சிலுவையிலிருந்து தொடங்குங்கள். கிறிஸ்தவர்களை வெறுத்த ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸே, திபேரியு பேரரசர் காலத்தில் பொந்தியு பிலாத்துவால் கிறிஸ்துவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதை எழுதியிருக்கிறார். ஈஸா நபியைப் பற்றி அவர்கள் சொல்வதையும் முழுதாகக் கேளுங்கள்.

நம் ஊரில் மட்டும் வருகிற ஒரு தவறும் உண்டு: "சி.எம்.சி.யைப் பாருங்கள், இதைவிட என்ன ஆதாரம்?" வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத்தான் சொல்கிறார்கள். மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியது இவ்வளவு வளர்ந்ததற்கு நானும் தேவனுக்கு நன்றி சொல்கிறேன். அவரை இங்கே நிறுத்தியது எந்த விசுவாசம் என்பதை அது காட்டும். கல்லறை காலியாக இருந்ததா என்பதைக் காட்டாது. நல்ல மருத்துவமனை நடத்துகிறவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்களே.

கடைசியாகச் சொல்வதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளியோடு வந்து லாட்ஜில் மாதக்கணக்கில் தங்குகிறவர்களிடம், "இயேசு உயிர்த்தார், உங்க பிள்ளையும் கட்டாயம் பிழைப்பான்" என்று சொல்லிவிடுகிறார்கள். உயிர்த்தெழுதல் அப்படி ஒரு வாக்குறுதி தரவில்லை. அதை அறிவித்த பவுலும் பேதுருவும் மரித்தார்கள். அது தருவது கடைசி நாளைப் பற்றிய நம்பிக்கை. ஸ்கேன் ரிப்போர்ட் என்ன சொல்லும் என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அந்தக் குடும்பத்திடம் வாதம் எதுவும் வேண்டாம். சாப்பிட்டார்களா என்று கேளுங்கள், மருந்துக் கடைக்குப் போய்வர ஆள் வேண்டுமா என்று பாருங்கள். அப்புறம் ஜெபிக்கலாமா என்று கேட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும் ஜெபியுங்கள்.