நீலச்சிறகியா, கிளுவையா? முகத்தைப் பார்த்துப் பிரித்தறிவது எப்படி

புரட்டாசி, ஐப்பசியில் நம் ஏரிகளுக்கு வலசை வாத்துகள் வரத் தொடங்கிவிடும். அவற்றில் புதியவர்களை மிகவும் திணற வைக்கும் ஜோடி, நீலச்சிறகியும் கிளுவையும். இரண்டும் சிறியவை, இரண்டும் தலையை நீரில் கவிழ்த்து மேய்பவை, பெட்டைகள் இரண்டுமே பழுப்பு. கையேடுகளில் ஆணின் படம்தான் பளிச்சென்று இருக்கும். ஏரியில் கண்ணில் படுவதோ பெரும்பாலும் பழுப்பு வாத்துகள். அதனால் இங்கே பெட்டைகளைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

படி 1: வெயில் முதுகில் இருக்கட்டும்

வெயிலுக்கு எதிரே நின்றால் எல்லா வாத்தும் கறுப்பாகத்தான் தெரியும். காலையில் ஏரியின் கிழக்குக் கரைக்குப் போய் உட்காருங்கள். 8×42 பைனாகுலர் தாராளமாகப் போதும். நீரோரம் இறங்காதீர்கள். வாத்துகள் எழும்பிவிட்டால் பார்க்க வந்த முகமும் போய்விடும், அவற்றின் ஓய்வும் கெடும்.

படி 2: சிறிய வாத்துதானா என்று உறுதி செய்யுங்கள்

பக்கத்தில் புள்ளிமூக்கு வாத்து இருந்தால் எளிது. அது ஏறக்குறைய 60 செ.மீ. நீளம். நீலச்சிறகி 40 செ.மீ.யை ஒட்டி இருக்கும், கிளுவை அதைவிடக் கொஞ்சம் சிறியது. இந்தச் சிறு வேறுபாட்டை மட்டும் நம்பி இரண்டையும் பிரிக்க வேண்டாம். தூரத்தில் அது ஏமாற்றும்.

படி 3: ஆண் இருக்கிறதா?

இருந்தால் வேலை சுலபம். நீலச்சிறகி ஆணுக்குப் பழுப்புத் தலையில், கண்ணுக்கு மேலே தொடங்கிப் பிடரி வரை வளைந்திறங்கும் பிறை போன்ற வெள்ளைப் புருவம். கிளுவை ஆணுக்குச் செம்பழுப்புத் தலை, கண்ணைச் சுற்றிப் பச்சைப் பட்டை, வாலடியில் மஞ்சள் திட்டு.

ஒன்றை நினைவில் வையுங்கள். நீலச்சிறகி ஆண்கள் வந்து சேரும்போது மங்கிய இறகுகளோடு பெட்டை போலவே இருக்கும். அந்தக் கோலம் குளிர்காலத்தில் வெகுநாள் நீடிக்கும். கிளுவை ஆண்கள் சீக்கிரமே நிறம் மாறிவிடும். ஆகவே ஐப்பசியில் ஒரு கூட்டம் முழுக்கப் பெட்டைகளாகத் தெரிந்தால், அதில் ஆண்களும் கலந்திருக்கலாம்.

படி 4: பெட்டையின் முகம்

இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும். நீலச்சிறகியின் முகம் கோடுகளால் ஆனது. கண்ணுக்கு மேலே தெளிவான வெளிர்ப் புருவம். கண்ணின் வழியே ஓடும் கருங்கோடு. அதன் கீழே ஒரு வெளிர்ப் பட்டை, அதற்கும் கீழே கன்னத்தில் இன்னொரு மங்கிய கோடு. அலகு தொடங்கும் இடத்தில் ஒரு வெளிர்ப் பொட்டு. தொண்டையும் வெளிறியிருக்கும்.

கிளுவையின் முகத்தில் இவ்வளவு வேலைப்பாடு கிடையாது. கண் வழியே ஒரு கோடு உண்டு, புருவம் மங்கல், கன்னம் ஏறக்குறைய ஒரே பழுப்பு. முதல் சில நாட்கள் வேறெதையும் தேடாமல், முகத்தில் கோடுகள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துப் பழகுங்கள். கண் பழகியதும் தொலைவிலேயே பிடிபடும்.

படி 5: அலகும் வாலும்

நீலச்சிறகியின் அலகு சற்று நீளம், முழுக்கச் சாம்பல். கிளுவைப் பெட்டையின் சிறிய அலகில் அடிப்புறம் பல நேரம் மஞ்சள் கலந்திருக்கும். கிளுவைக்கு இன்னொரு நல்ல அடையாளம், வாலடியின் பக்கவாட்டில் தெரியும் வெளிர்க் கீற்று. தலையைச் சிறகில் புதைத்துத் தூங்கும் பறவையில் முகமும் அலகும் தெரியாது. அப்போது இந்தக் கீற்றுதான் கைகொடுக்கும்.

படி 6: தானாகப் பறந்தால் இறக்கை

செம்பருந்தோ சேற்றுப் பூனைப்பருந்தோ வந்தால் கூட்டம் எழும்பும். நீலச்சிறகி ஆணின் முன்னிறக்கை வெளிர் நீலச்சாம்பலாக இருக்கும். மங்கிய இறகுகளோடு இருக்கும் ஆணையும் இதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். கிளுவையின் இறக்கையில் மின்னும் பச்சைத் திட்டு, அதன் முன்னே அகலமான வெள்ளைக் கோடு. நீலச்சிறகிப் பெட்டைக்கு வெள்ளை பின்விளிம்பில்தான் எடுப்பாக இருக்கும்.

படி 7: குறிப்பெடுங்கள்

பெயரை எழுதும் முன் எதைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்: "முகத்தில் கோடுகள், சாம்பல் அலகு". முகமும் வாலும் இறக்கையும் சரியாகத் தெரியவில்லை என்றால் "சிறு வாத்து" என்று மட்டும் பதியுங்கள். பறவைகளைப் பதியும் இணையதளமான இபேர்டிலும் (eBird) இனம் குறிப்பிடாமல் வாத்து என்று பதிய வழி இருக்கிறது.