மலையேறப் போகும் முன் எஸ்ஓஎஸ் கருவி வாங்குகிறீர்களா? இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

எஸ்ஓஎஸ் கருவி என்பது கைப்பேசி எட்டாத இடத்திலிருந்து செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்பது. சிங்கப்பூருக்குள் மெக்ரிட்சி, புக்கிட் தீமா நடைக்கு இதெல்லாம் வேண்டாம், கைப்பேசியும் 995 அவசர எண்ணும் போதும். மலேசியாவின் குனோங் தாஹான் மலை மாதிரி பல நாள் காட்டுக்குள் நடக்கிறவர்கள், இந்தோனேசியாவின் ரிஞ்சானி எரிமலை, நியூசிலாந்து என்று கிளம்புகிறவர்கள், நீங்கள் மட்டும் படியுங்கள்.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். பிஎல்பி (தனிநபர் இருப்பிடக் குறிகாட்டி) என்பது ஆபத்து நேரத்தில் மட்டும் இயக்குவது. 406 மெகாஹெர்ட்ஸில் கோஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு மீட்பு அமைப்பின் செயற்கைக்கோள்களுக்கு உங்கள் அடையாள எண்ணை அனுப்பும், ஜிபிஎஸ் உள்ளது என்றால் இருப்பிடத்தையும் சேர்த்து அனுப்பும். சந்தா கிடையாது, பேட்டரி பல ஆண்டு அப்படியே கிடக்கும், இயக்கியபின் குறைந்தது 24 மணி நேரம் விடாமல் அனுப்பும். ஆனால் காலில் அடியா பாம்புக்கடியா என்று அதில் சொல்ல வழியில்லை. சில புது மாடல்களில் சமிக்ஞை போய்ச் சேர்ந்தது என்று ஒரு விளக்கு எரியும், அவ்வளவுதான்.

இன்னொன்று இன்ரீச், சோலியோ போன்ற செய்திக் கருவி. இவை இரண்டும் இரிடியம் செயற்கைக்கோள் வலையமைப்பில் ஓடுகின்றன, போகவும் வரவும் குறுஞ்செய்தி உண்டு. சந்தா கட்டாமல் விட்டால் எஸ்ஓஎஸ்கூட வேலை செய்யாது, சார்ஜும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மலேசிய, இந்தோனேசியக் காடுகளுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். உயிர் போகிற ஆபத்தைவிட ஆறு பெருகி ஒரு நாள் தாமதமாவதுதான் அங்கே அடிக்கடி நடக்கும், அப்போது ‘நன்றாக இருக்கிறேன், நாளைக்கு வருகிறேன்’ என்று அம்மாவுக்கு ஒரு வரி போனால் வீட்டில் எல்லாரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். நியூசிலாந்துக்கு ஒரே ஒரு தடவை போகிறவர் வாங்கவே வேண்டாம், அங்கே பிஎல்பி வாடகைக்குக் கிடைக்கும். சொந்தமாக வாங்கினால் எந்த நாட்டுக் குறியீடு போட்டது என்று கடையிலேயே கேட்டு, அந்த நாட்டுப் பதிவேட்டில் உங்கள் பெயரையும் அவசரத் தொடர்பு எண்ணையும் சேர்த்துவிடுங்கள். சமிக்ஞை போனதும் மீட்பு மையம் முதலில் கூப்பிடுவது அந்த எண்ணைத்தான்.

ஐபோனில்தான் செயற்கைக்கோள் எஸ்ஓஎஸ் இருக்கிறதே என்பீர்கள். நியூசிலாந்திலும் ஜப்பானிலும் அது வேலை செய்யும், ஆனால் எல்லா நாட்டிலும் அந்தச் சேவை இருக்காது, போகிற நாடு பட்டியலில் இருக்கிறதா பாருங்கள்.

அப்புறம், இமயமலைக்கு இந்தியா வழியாகப் போகிறவர்களும், ஊருக்குப் போகும்போது அதே பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் கவனியுங்கள். முன் அனுமதி இல்லாமல் துராயா, இரிடியம் செயற்கைக்கோள் கருவிகளை இந்தியாவுக்குள் கொண்டுபோவது குற்றம். இன்ரீச் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகளை விமான நிலையத்திலேயே பிடித்து வழக்குப் போட்டிருக்கிறார்கள். தெரியாது என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள், வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

கருவிக்கு வானம் தெரிய வேண்டும். நம் பக்கத்து மழைக்காட்டில் தலைக்கு மேல் இலைக்கூரை அடைத்துக்கொண்டிருக்கும், ஈர இலை சமிக்ஞையை இன்னும் மந்தமாக்கும். அதனால் பைக்குள் போடாமல் தோள்பட்டை வாரில் ஆன்டெனா மேல்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். செய்தி போகாமல் நின்றால் ஆற்றங்கரைக்கோ மரம் சாய்ந்து வெளிச்சம் விழும் இடத்துக்கோ நகர்ந்து, கருவியைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாக இருங்கள், சில சமயம் பத்து நிமிடத்துக்கு மேலேயே ஆகும். பிஎல்பி என்றால் ஆன்டெனாவை முழுக்க விரித்து நேராக நிறுத்துங்கள், ஜிபிஎஸ் பகுதியைக் கையால் மூடாதீர்கள்.

கிளம்பும் முன் வீட்டு மாடியிலிருந்தே சாதாரணச் செய்தி ஒன்று அனுப்பிப் பாருங்கள். எஸ்ஓஎஸ்ஸை மட்டும் சோதனைக்காக அழுத்தவே கூடாது, பிஎல்பியில் அதற்கென்று தனிச் சோதனைப் பொத்தான் இருக்கிறது. நிஜமாக அழுத்தினால், செய்திக் கருவியில் என்ன ஆனது, எத்தனை பேர், நடக்க முடியுமா என்று சுருக்கமாக எழுதிவிட்டு அதே இடத்தில் இருங்கள், கருவியை அணைக்காதீர்கள். தவறி அழுத்திவிட்டாலோ உடனே ரத்து செய்து தகவல் சொல்லுங்கள், வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள்.

காலாவதியான பிஎல்பியை வீவக அடுக்குமாடி வீட்டின் குப்பைக் குழாயில் போட்டுவிடாதீர்கள். அது எங்காவது நசுங்கி இயங்கத் தொடங்கினால் மீட்புக் குழு குப்பை மேட்டில் தேடும். பதிவை நீக்கி, பேட்டரியைக் கழற்றும் வேலையை விற்ற கடையிடமோ சேவை மையத்திடமோ விடுங்கள்.