வெள்ளீயத்தின் 50 எலெக்ட்ரான்களை எழுதிப் பார்ப்போம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் டியூஷன் வகுப்பில் ஆறாம் படிவ மாணவர்கள் முதல் வாரமே கேட்டுவிடுவார்கள்: "சார், நாலாம் படிவத்தில் பொட்டாசியத்துக்கு 2.8.8.1 என்று எழுதினோம். மூன்றாம் பெட்டாலாவில் (எலெக்ட்ரான் கூட்டில்) 18 எலெக்ட்ரானுக்கு இடம் இருக்கே, ஏன் எட்டோடு நின்றுவிட்டு நாலாவதுக்குப் போகிறது?" அருமையான கேள்வி. இதற்கு விடை பிடிபட்டால் மீதிப் பாடம் தானாக வரும்.

முதலில், பெட்டாலா என்று நாம் படித்த கூட்டுக்குள் துணைக்கூடுகள் இருக்கின்றன. எஸ்-இல் 2, பி-இல் 6, டி-இல் 10, எஃப்-இல் 14 எலெக்ட்ரான்கள் அடங்கும். மூன்றாம் கூட்டில் 3எஸ், 3பி, 3டி. ஆகமொத்தம் 18.

அடுத்து, ஆற்றல் குறைந்த துணைக்கூடுதான் முதலில் நிரம்பும். எது குறைவு என்று கண்டுபிடிக்க, கூட்டின் எண்ணோடு எஸ் என்றால் 0, பி என்றால் 1, டி என்றால் 2, எஃப் என்றால் 3 சேர்த்துக்கொள்ளுங்கள். 4எஸ்-க்கு 4+0=4. 3டி-க்கு 3+2=5. அதனால்தான் பொட்டாசியத்தின் 19ஆவது எலெக்ட்ரான் 4எஸ்-க்குப் போகிறது. தொகை சமமாக வந்தால் கூட்டு எண் சிறியது முந்தும். 3டி நிரம்பிய பிறகே 4பி.

சரி, இப்போது பேனாவை எடுங்கள். 1857-இல் வெள்ளீயம் தேடி அம்பாங் பக்கம் வந்தவர்களால் எழுந்த ஊர் கோலாலம்பூர். ஆகவே நம் ஊர் தனிமத்தையே எழுதுவோம். வெள்ளீயத்தின் அணு எண் 50, அதாவது 50 எலெக்ட்ரான்கள்.

1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்² 3பி⁶ 4எஸ்² 3டி¹⁰ 4பி⁶ 5எஸ்² 4டி¹⁰ 5பி²

மேலே உள்ள சிறு எண்களைக் கூட்டுங்கள். 50 வரவில்லை என்றால் எங்கோ விட்டுவிட்டீர்கள். ஒவ்வொரு முறையும் கூட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

கடைசி 5பி²-ஐப் பெட்டி போட்டு வரையும்போது கவனம். பி-க்கு மூன்று பெட்டி, ஒரு பெட்டியில் இரண்டு எலெக்ட்ரான்வரை அடங்கும். இரண்டு எலெக்ட்ரானையும் ஒரே பெட்டியில் அடைக்காதீர்கள். ஹுண்ட் விதிப்படி ஆளுக்கொரு பெட்டி, எலெக்ட்ரானைக் குறிக்கும் அம்பு ஒரே திசையில்: [↑] [↑] [ ]. ஒரே பெட்டியில் இரண்டு இருந்தால் அம்புகள் எதிரெதிராக நிற்க வேண்டும். அது இயற்பியலாளர் பவுலி 1925-இல் சொன்ன விதி.

இவ்வளவும் எதற்கு? 5பி-யின் இரண்டும் போனால் வெள்ளீயம் +2. அப்புறம் 5எஸ்-இன் இரண்டும் போனால் +4. வெள்ளீயம் தேடியவர்கள் டூலாங் என்ற மரத்தட்டில் அலசி எடுத்த கறுப்பு மணல் வெள்ளீய டைஆக்சைடு. அதில் இருப்பது +4 நிலைதான். ஒரு வரி எழுத்து அந்தத் தாதுவரை கொண்டுபோய்விடுகிறது. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இது.

குரோமியம் (3டி⁵ 4எஸ்¹), செம்பு (3டி¹⁰ 4எஸ்¹) இரண்டும் வரிசையை மீறும். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இரும்பை நீங்களே எழுதுங்கள். அணு எண் 26. +3 அயனி கேட்டால் முதலில் 3டி-யில் கைவைக்காதீர்கள். நிரம்பும்போது முந்திய 4எஸ்², வெளியேறும்போதும் முந்தும். பிறகு 3டி-யிலிருந்து ஒன்று. மிச்சம் 3டி⁵.