சத்தம் வரவில்லையா? முதலில் மோடைப் பாருங்கள்

பழைய ரேக் மாட்யூலை (தனக்கென்று கீபோர்டு இல்லாமல், மிடி கேபிளில் வரும் கட்டளைப்படி இசை ஒலி எழுப்பும் பெட்டியை) வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே "இது பழுது" என்று முடிவு கட்டிவிடுவது உண்டு. பெட்டியில் கோளாறே இருக்காது. அது ஒரு மோடில் இருக்கும், நாம் வேறொரு மோடில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பட்டன்களை அழுத்திக்கொண்டிருப்போம். 1994-இல் வந்து இன்னமும் செகண்ட்ஹேண்டில் கைமாறிக்கொண்டிருக்கும் ரோலண்ட் ஜேவி-1080-ஐ வைத்தே பேசுகிறேன். மற்ற மாட்யூல்களில் பெயர்கள் மாறலாம், சிக்கல்கள் ஏறக்குறைய இவைதான்.

இதில் பேட்ச், பர்ஃபார்மன்ஸ், ஜிஎம் (ஜெனரல் மிடி என்ற பொதுத் தர ஒலி வரிசை) என மூன்று மோடுகள். பேட்ச் மோடில் ஒரே ஒரு ஒலி (அதற்குத்தான் பேட்ச் என்று பெயர்), அதற்கு ஒரே ஒரு சேனல் (மிடி கேபிளில் செய்திகள் பிரிந்து போகும் 16 தடங்களில் ஒன்று). இந்த மோடில் வைத்துவிட்டு சீக்வென்சரிலிருந்து (பாட்டின் சுரங்களைப் பதிந்து அனுப்பும் கருவி அல்லது மென்பொருள்) எட்டு டிராக்கைத் தனித்தனிச் சேனலில் அனுப்பினால் ஏழு டிராக் ஊமையாகத்தான் இருக்கும். பல ஒலிகள் ஒன்றாக வேண்டுமென்றால் பர்ஃபார்மன்ஸுக்குப் போக வேண்டும். அங்கே 16 பார்ட்டுகள், அதாவது 16 ஒலிகளுக்கான இடங்கள்; ஒவ்வொன்றுக்கும் தனிச் சேனல் கொடுக்கலாம். பத்தாவது பார்ட் தாளத்துக்கு.

சரி, பர்ஃபார்மன்ஸுக்கு வந்தாயிற்று. பலரையும் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் சங்கதி இங்கேதான் இருக்கிறது: கன்ட்ரோல் சேனல். இந்தச் சேனலில் புரோகிராம் சேஞ்ச் (ஒலியை மாற்றச் சொல்லும் மிடி செய்தி) வந்தால் ஒரு பார்ட்டின் ஒலி மட்டும் மாறாது, பர்ஃபார்மன்ஸ் முழுவதுமே மாறிவிடும். ஒரு பார்ட்டின் சேனலும் கன்ட்ரோல் சேனலும் ஒன்றாக இருந்தால் கன்ட்ரோல் சேனலுக்குத்தான் முதல் மரியாதை. நானே ஒரு மாலை முழுவதும் இதில் மாட்டியிருக்கிறேன். பாட்டின் தொடக்கத்தில் முதல் சேனலில் பியானோவைக் கேட்டு ஒரு புரோகிராம் சேஞ்ச் வைத்திருந்தேன். பிளே அழுத்தியதும் பியானோ, பாஸ், ஸ்டிரிங்ஸ் எல்லாம் இடம் மாறி, யாரோ வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன மாதிரி ஆகிவிடும். கேபிளை மாற்றினேன், மென்பொருளைத் திட்டினேன். கன்ட்ரோல் சேனல் 1 என்று இருந்தது கடைசியில்தான் கண்ணில் பட்டது. பாட்டில் பயன்படாத ஒரு சேனலை அதற்குக் கொடுங்கள், அல்லது ஆஃப் செய்துவிடுங்கள்.

அடுத்தது, "பேட்ச் மோடில் அருமையாகக் கேட்ட ஒலி பர்ஃபார்மன்ஸில் சப்பென்று இருக்கிறது" என்ற புகார். ஜேவி-1080-இல் 40 வகை இஎஃப்எக்ஸ் (ஒலிக்கு மெருகேற்றும் எஃபெக்ட்) உண்டு, ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும். பேட்ச் மோடில் அது அந்த ஒரு ஒலிக்கே சொந்தம். பர்ஃபார்மன்ஸில் அந்த ஒன்றை 16 பார்ட்டும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதன் அமைப்பு பர்ஃபார்மன்ஸிலிருந்து வர வேண்டுமா, ஏதாவது ஒரு பார்ட்டின் பேட்சிலிருந்து வர வேண்டுமா என்று நாம்தான் சொல்ல வேண்டும். எந்த ஒலிக்கு எஃபெக்ட் உயிரோ அந்தப் பார்ட்டைத் தேர்ந்தெடுங்கள். மற்றவை, இஎஃப்எக்ஸுக்கு வெளியே தனியாக இருக்கும் ரிவர்ப், கோரஸோடு திருப்திப்படட்டும்.

இரண்டு பார்ட்டுக்கு ஒரே சேனலைக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். வேண்டுமென்றே செய்தால் அது லேயர், தெரியாமல் செய்தால் தொல்லை. ஏனென்றால் ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடியவை மொத்தம் 64 வாய்ஸ்தான், ஒரு பேட்சே நான்கு டோன் வரை எடுக்கும்; ஒவ்வொரு சுரத்துக்கும் டோனுக்கு ஒரு வாய்ஸ் செலவாகும். நான்கு டோன் கொண்ட பேடில் (நீண்டு ஒலிக்கும் பின்னணி ஒலி) ஐந்து சுரக் கார்டு பிடித்தால் 20 வாய்ஸ் போய்விட்டது. அதே சேனலில் அப்படி மூன்று பார்ட் இருந்தால் 60. அப்புறம் தாளத்தில் ஸ்நேர் காணாமல் போகிறதே என்று புலம்பிப் பயனில்லை. வாய்ஸ் ரிசர்வ் என்ற அமைப்பில் தாளத்துக்கும் பாஸுக்கும் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள்.

எண்ணிக்கைக் குழப்பமும் உண்டு. சேனல்களை நாம் 1 முதல் 16 வரை சொல்கிறோம், கேபிளில் போவது 0 முதல் 15 வரை. புரோகிராம் எண்ணும் அப்படித்தான்: சில மென்பொருள்கள் 1-இலிருந்து எண்ணும், சில 0-விலிருந்து. கேட்டதற்கு அடுத்த ஒலியோ முந்தைய ஒலியோ வந்தால் வேறெங்கும் தேடாதீர்கள், ஒன்றைக் கூட்டியோ கழித்தோ பாருங்கள். ஒலி வேறொரு பேங்கிலிருந்து (ஒலித் தொகுப்பிலிருந்து) வந்தால், பேங்கைத் தேர்ந்தெடுக்கும் மிடி செய்திகளான கன்ட்ரோலர் 0-வும் 32-வும் புரோகிராம் சேஞ்சுக்கு முன்னால் போகின்றனவா என்று பாருங்கள்.

கன்ட்ரோலர் 120 முதல் 127 வரை உள்ள எண்களில் விளையாட வேண்டாம். 126 என்றால் மோனோ (ஒரு நேரத்தில் ஒரு சுரம்), 127 என்றால் பாலி (பல சுரங்கள்), 124-உம் 125-உம் ஓம்னியை (எல்லாச் சேனலையும் கேட்கும் நிலையை) ஆஃப், ஆன் செய்பவை. சீக்வென்சரில் எண் தவறி 126 போய்விட்டால், கார்டு பிடித்தாலும் ஒரு சுரம்தான் கேட்கும். பழைய கீபோர்டுகளிலும் கவனம் வேண்டும்: 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 முதல் சேனலில் மட்டும்தான் அனுப்பும். அதை மாஸ்டர் கீபோர்டாக வைத்துக்கொண்டு ஐந்தாவது பார்ட்டை வாசிக்கப் பார்த்தால் நடக்காது, மாட்யூல் பக்கம்தான் சேனலை மாற்ற வேண்டும்.

எல்லாம் சரியானதும் ரைட் செய்துவிட்டுத்தான் (சேமித்துவிட்டுத்தான்) அடுத்த பர்ஃபார்மன்ஸைத் தொட வேண்டும். சேமிக்காமல் தொட்டால், அரை மணி நேரம் உட்கார்ந்து அமைத்த 16 சேனலும் அந்த நொடியே போய்விடும்.