எந்த டெல்ஃப்ட்? நண்பர் வீட்டில் தங்கி நெதர்லாந்தில் முன்னோரைத் தேடும் முறை

என் அம்மாவைப் பெற்ற பாட்டி யாழ்ப்பாணத்துப் பறங்கியர் குடும்பத்தில், அதாவது இலங்கையில் குடியேறிய ஐரோப்பியரின் வழிவந்த குடும்பத்தில், பிறந்தவர். திருமணமாகித் தஞ்சாவூர்ப் பக்கம் வந்தபோது அவர் கொண்டுவந்த சாமான்களில் இன்றும் மிஞ்சியிருப்பது ஒரு டச்சு பைபிள் மட்டும்தான். அட்டை பிய்ந்துவிட்டது, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. உள்பக்கத்தில் ஒரு குழந்தையின் பெயரும், அதன் கீழே ‘பிறப்பு: டெல்ஃப்ட், 1771’ என்ற வரியும் பழுப்பு மசியில் இருக்கின்றன. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, ஹாலந்தில் டெல்ஃப்ட் நகரம்தான் எங்கள் பூர்வீகம் என்று மூன்று தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

என் பள்ளித் தோழி டச்சுக்காரரை மணந்து நெதர்லாந்தின் லைடன் நகரில் குடியிருக்கிறாள். அவள் அழைத்தாள், இரண்டு வாரம் போனேன். அதில் பாதியை வீணாக்கினேன். உங்களுக்கும் அப்படி ஆகக் கூடாது என்பதற்காக, என்ன செய்ய வேண்டும் என்பதைச் செய்யவேண்டிய வரிசையில் சொல்கிறேன்.

படி 1: ஊரிலேயே தொடங்குங்கள்

உங்களிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். நீங்கள், அம்மா, பாட்டி, பாட்டியின் அப்பா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தாள்; அதில் பிறப்பு, திருமணம், இறப்பு, ஊர். நடுவில் ஒரு தலைமுறை தெரியாவிட்டால் அங்கேயே நின்று அதைத் தேடுங்கள். தாண்டிக் குதித்து ‘1700களில் ஒரு டச்சுக்காரர்’ என்று பிடித்தால், உங்கள் குடும்பப்பெயர் கொண்ட யாரோ ஒருவருக்கு நீங்கள் வாரிசாகிவிடுவீர்கள்.

இலங்கைப் பறங்கியர் வழி வந்தவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. இலங்கை டச்சு பறங்கியர் சங்கம் 1908இல் தொடங்கிய இதழில் பல குடும்பங்களின் வம்சாவளியை வரிசையாக வெளியிட்டிருக்கிறார்கள். கொழும்பு தேசிய ஆவணக் காப்பகத்தில் டச்சு நிர்வாகத்தின் ஏடுகள் இருக்கின்றன. சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் டச்சு ஏடுகள் உண்டு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தபோது எழும்பூர் ஏடுகளும் அதில் அடங்கின. எழும்பூரில் ரயில் ஏறி இறங்கும் நமக்கு அது தெரிவதில்லை.

படி 2: பெயரைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். ஆங்கிலப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்கும் விஷயம் தமிழருக்கு ஒரு வரியில் விளங்கிவிடும்: பழைய டச்சுக்காரர்களுக்கும் இனிஷியல்தான். யானுடைய மகன் பீட்டர் என்றால் பீட்டர் யான்சோன். அவருடைய மகன் யான் என்றால் யான் பீட்டர்சோன். நம் வீட்டில் முருகேசன் மகன் மு. கண்ணன், கண்ணன் மகன் க. முருகேசன் என்று மாறுவதைப் போலத்தான். ஆகவே 1700க்கு முன்னால் போனால், ஒரே குடும்பத்தில் தலைமுறைக்குத் தலைமுறை பின்பெயர் மாறுவதைக் கண்டு மிரள வேண்டாம்.

பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பதும் அங்கே வழக்கம். முதல் மகனுக்குப் பெரும்பாலும் அப்பாவின் அப்பா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர். ‘பேரன்’ என்ற சொல்லே பெயரைத் தாங்குபவன் என்ற பொருளில் வந்ததுதானே! ஆகவே குழந்தைகளின் பெயர்களை வரிசைப்படுத்தினால் தாத்தா பாட்டி யாராக இருக்கலாம் என்று ஊகிக்கலாம். ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு குழந்தைகள் வந்தால், முதல் குழந்தை இறந்திருக்கும். அந்தப் பெயரை அடுத்த குழந்தைக்கு வைத்திருப்பார்கள்.

பெண்களை அவர்கள் பிறந்த வீட்டுப் பெயரில் தேடுங்கள். டச்சுப் பதிவேடுகளில் ஒரு பெண் எத்தனை முறை மணந்தாலும், எண்பது வயதில் இறந்தாலும், பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பார். ‘ஃபான்’, ‘டே’, ‘ஃபான் டெர்’ போன்ற முன்னொட்டுகளை அகர வரிசையில் கணக்கில் கொள்வதில்லை. ‘டே ஃப்ரீஸ்’ என்பவர் ‘ஃப்ரீஸ்’ இருக்கும் இடத்தில் இருப்பார். எழுத்துக்கூட்டலும் நிலையாக இருக்காது. இலங்கையில் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுதப்பட்ட வடிவத்தை அப்படியே தட்டச்சு செய்தால் ஒன்றும் கிடைக்காது. சந்தேகமான எழுத்து வரும் இடத்தில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடுங்கள்.

படி 3: டிக்கெட் எடுக்கும் முன் இணையத்தில் தேடுங்கள்

நெதர்லாந்தில் 1811ஐ ஒரு கோடாக வைத்துக்கொள்ளுங்கள். நெப்போலியன் ஆட்சியில் பெரும்பாலான இடங்களில் அந்த ஆண்டுதான் அரசாங்கப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு தொடங்கியது. அதற்கு முன்னால் தேவாலய ஏடுகளே கதி: ஞானஸ்நானம், திருமணம், அடக்கம்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் தேடுவது எளிது. ‘வீ வாஸ் வீ’ (WieWasWie), ‘ஓப்பன் ஆர்கீவன்’ (Open Archieven) என்ற இரண்டு தளங்களில் பெயரைக் கொடுத்தால் போதும். பிறப்புப் பதிவு 100 ஆண்டு, திருமணப் பதிவு 75 ஆண்டு, இறப்புப் பதிவு 50 ஆண்டு கழிந்த பிறகுதான் பொதுவில் வரும். பழைய செய்தித்தாள்களுக்கு ‘டெல்ஃபர்’ (Delpher) தளம். எல்லாவற்றிலும் பெரிய புதையல் திருமணப் பதிவோடு இணைத்த காகிதக் கட்டு. மணமக்களின் பிறப்புச் சான்று, இறந்துபோன பெற்றோரின் இறப்புச் சான்று, சில வேளைகளில் தாத்தா பாட்டியின் இறப்புச் சான்றுகூட அந்தக் கட்டில் இருக்கும். ஒரே கல்யாணத்தில் மூன்று தலைமுறை கிடைத்துவிடும்.

சொற்களுக்குப் பயப்பட வேண்டாம். ஐம்பது சொல் தெரிந்தால் ஒரு பதிவைப் படித்துவிடலாம். விதவையை அவர்கள் ‘வேதுவெ’ என்பார்கள். இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்று என்பதால் அதை மறக்கவே முடியாது.

படி 4: விசாவும் விருந்தோம்பலும்

நண்பர் வீட்டில் தங்குவதாக விசாவுக்கு விண்ணப்பித்தால், அவர் தன் நகராட்சிக்குப் போய் ஒரு தங்கல் உறுதிப் படிவத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்று அனுப்ப வேண்டும். அதற்கு அவருக்கும் நேரம் கொடுங்கள். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்கலாம்.

அங்கே யார் வீட்டுக்கும் சொல்லாமல் போகக் கூடாது. ‘அந்தப் பக்கம் வந்தேன், எட்டிப் பார்த்தேன்’ என்பது நமக்குப் பாசம், அவர்களுக்குச் சங்கடம். மாலை ஆறு மணிக்குச் சாப்பாடு; அந்த நேரத்தில் ஃபோன்கூடச் செய்யாதீர்கள். ரயிலில் வங்கி அட்டையைத் தட்டி ஏறலாம், இறங்கும்போதும் தட்ட மறக்காதீர்கள். இன்னொன்று: உங்கள் நண்பர் உங்கள் மொழிபெயர்ப்பாளர் அல்லர். ஒரு நாளில் ஒரு பதிவு, அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு, என்று நான் எனக்கே வரம்பு வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள்தான் வைத்தேன், தோழியின் முகம் போன போக்கைப் பார்த்து.

படி 5: முதலில் ஒரு டச்சுக் குடும்பத்தில் பழகுங்கள்

நேராக 18ஆம் நூற்றாண்டுக்குப் போகாதீர்கள். உங்களுக்கு இடம் கொடுத்தவரின் குடும்பத்தையே முதலில் தேடிப் பாருங்கள், அனுமதி கேட்டுக்கொண்டு. தோழியின் மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. அவரைப் பார்க்கப் போனோம். காபி வந்தது, பிஸ்கட் டப்பா வந்தது. ஆளுக்கு ஒன்று எடுத்ததும் டப்பா மூடிக்கொண்டது. (கஞ்சத்தனம் அன்று, வழக்கம்.)

அந்த வீட்டின் மிகச் சிறந்த ஆவணம் கழிப்பறைச் சுவரில் தொங்கியது. டச்சு வீடுகளில் பிறந்தநாள் காலண்டரை அங்கேதான் மாட்டுவார்கள். கிழமை கிடையாது, மாதமும் தேதியும் மட்டும் இருக்கும். ஆகவே எத்தனை ஆண்டானாலும் அதே காலண்டர். அண்ணன், தங்கை, பேரன், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் அவரவர் தேதிக்கு நேரே இருக்கிறார்கள், பலருக்குப் பிறந்த ஆண்டும் சேர்த்து. நான் உள்ளே போய்ப் பதினைந்து நிமிடம் வெளியே வராததால், தோழி கதவைத் தட்டி உடம்புக்கு என்ன என்று கேட்டாள்.

அடுத்து மேஜை இழுப்பறையைப் பற்றிக் கேளுங்கள். நகராட்சி கொடுத்த சிறு திருமணப் புத்தகம் இருக்கும். பிள்ளைகளின் பிறப்பையும் அதில் பதிந்திருப்பார்கள். சாவு அறிவிப்பு அட்டைகளைக் கட்டிவைத்திருப்பார்கள். தெற்கே பிராபண்ட், லிம்பர்க் மாகாணங்களின் கத்தோலிக்கக் குடும்பமென்றால் இறந்தவர் நினைவாக அச்சிட்ட சிறு ஜெப அட்டைகளும் கிடைக்கும்.

கல்லறையை மட்டும் நம்பாதீர்கள். அங்கே கல்லறை இடம் பெரும்பாலும் வாடகைக்குத்தான். தவணை முடிந்து யாரும் புதுப்பிக்காவிட்டால் கல்லை எடுத்துவிட்டு இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ‘அவரைக் காலி செய்துவிட்டார்கள்’ என்று மாமியார் தன் சித்தப்பாவைப் பற்றிச் சாதாரணமாகச் சொன்னபோது எனக்குக் காபி இறங்கவில்லை.

இவ்வளவு துல்லியமாகப் பதிவுசெய்யும் நாட்டுக்கு அந்தத் துல்லியமே வினையாகவும் வந்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது யூதர்களைத் தேடிப் பிடிக்க மக்கள் பதிவேடுகளே உதவின. அதனால்தான் 1943 மார்ச் 27இல் எதிர்ப்பு இயக்கத்தினர் ஆம்ஸ்டர்டாம் மக்கள் பதிவேட்டு அலுவலகத்துக்குத் தீவைத்தார்கள். உங்கள் தேடல் 1940களைத் தொட்டால், கேள்வியைக் கொஞ்சம் மெதுவாகக் கேளுங்கள்.

படி 6: கம்பெனிச் சம்பள ஏட்டைத் திறங்கள்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் பத்து லட்சத்தை ஒட்டிய எண்ணிக்கையில் ஆட்களை ஆசியாவுக்குக் கப்பலேற்றியது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் திரும்பினார்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு சம்பள ஏடு உண்டு. 18ஆம் நூற்றாண்டு ஏடுகளை நெதர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் பெயர் சொல்லித் தேடலாம், இலவசமாக. பெயர், சொந்த ஊர், வேலை, கப்பல், புறப்பட்ட நாள், பணி எங்கே எப்படி முடிந்தது என்று ஒரு வரியில் ஒரு வாழ்க்கை இருக்கும்: இறந்தார், திரும்பினார், ஓடிப்போனார்.

இரண்டு குறிப்புகளைக் கவனியுங்கள். ஒன்று கடன். ஆள் பிடிக்கும் தரகர் கப்பல் புறப்படும்வரை சோறு போட்டு, பெட்டி வாங்கிக் கொடுத்து, 150 கில்டருக்கு (அன்றைய டச்சு நாணயம்) கடன் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்வார். சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 9 கில்டர் சம்பளம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். மற்றொன்று மாதப் பத்திரம். ஊரிலுள்ள மனைவிக்கோ தாய்க்கோ ஆண்டுக்குச் சில மாதச் சம்பளத்தைக் கொடுக்கச் சொல்லும் ஏற்பாடு அது. அந்தப் பத்திரம் இருந்தால், அவருக்கு ஊரில் ஒரு குடும்பம் இருந்திருக்கலாம் என்று பொருள். யாழ்ப்பாணத்தில் இன்னொரு குடும்பம் தொடங்கியது பிறகு.

ஏட்டில் கம்பெனிக் கிளையின் பெயரும் இருக்கும்: ஆம்ஸ்டர்டாம், மிடில்பர்க், டெல்ஃப்ட், ராட்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹவ்சன். அது கப்பலை அனுப்பிய கிளைதான், பிறந்த ஊர் அன்று. தேதியிலும் ஒரு பொறி உண்டு: 7 என்ற எண்ணோடு ‘பெர்’ சேர்த்து எழுதியிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர்; லத்தீனில் ‘செப்டம்’ என்றால் ஏழு.

படி 7: காப்பகத்துக்குப் போங்கள், தயாராக

தேசிய ஆவணக் காப்பகம் ஹேக் மத்திய ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. லைடனிலிருந்து கால் மணி நேரம். முன்கூட்டியே பதிவுசெய்யுங்கள். பை வெளியே, பேனா வெளியே; பென்சில் மட்டும் உள்ளே. ஸ்கேன் செய்துவிட்ட ஏட்டின் அசலைப் பொதுவாகத் தரமாட்டார்கள், திரையில்தான் பார்க்கலாம். அப்படியானால் ஏன் போக வேண்டும்? அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக.

நான் டெல்ஃப்டில் இரண்டு நாள் சுற்றியிருந்தேன், அந்த நகர ஞானஸ்நான ஏடுகளில் 1771ஐ முன்னும் பின்னும் புரட்டியிருந்தேன். எங்கள் குடும்பப்பெயரே இல்லை. காப்பகத்தில் உதவிக்கு இருந்த பெரியவரிடம் பைபிள் பக்கத்தின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, குடும்பம் எங்கே இருந்தது என்றார். யாழ்ப்பாணம் என்றேன். ‘அப்படியானால் எந்த டெல்ஃப்ட்?’ என்று கேட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. யாழ்ப்பாணத்தைச் சுற்றிய தீவுகளுக்கு டச்சுக்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். காரைநகர் ஆம்ஸ்டர்டாம், வேலணை லைடன், புங்குடுதீவு மிடில்பர்க். நெடுந்தீவுதான் டெல்ஃப்ட், ஆங்கிலத்தில் இன்றும் அதே பெயர்தான். 1771இல் அந்தக் குழந்தை பிறந்தது பாக்கு நீரிணைக் கரையில். பாட்டி இருந்திருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார்.

பிறகு அந்தக் குழந்தையின் தகப்பனைச் சம்பள ஏட்டில் தேடினோம். கிடைத்தார்: சிப்பாய், சொந்த ஊர் வேசல். அது நெதர்லாந்திலேயே இல்லை, ஜெர்மனியில் ரைன் கரையில் இருக்கிறது. கம்பெனி ஆட்களில் இப்படி அயல்நாட்டார் ஏராளம். குழந்தையின் தாயைப் பற்றி பைபிளில் இருப்பது ‘மரியா’ என்ற ஒரு சொல் மட்டும். அவருக்கு எந்தச் சம்பள ஏடும் இல்லை. அவரைத் தேட வேண்டிய இடம் கொழும்பும் யாழ்ப்பாணமும்தான். அடுத்த பயணம் அங்கே.

ஊர் திரும்பும் முன் தோழியின் மாமியாரிடம் விடைபெறப் போனேன். அன்றைக்கும் ஒரு பிஸ்கட்தான். என் பிறந்த தேதியைக் கேட்டார், சொன்னேன். சென்ற வாரம் தோழி ஒரு படம் அனுப்பியிருந்தாள்: கழிப்பறைச் சுவர், அக்டோபர் பக்கம், 14ஆம் தேதிக்கு நேரே நீல மசியில் என் பெயர். பிறந்த ஆண்டையும் மறக்காமல் எழுதியிருக்கிறார்.