லிங்க் சேமிக்க எந்த எக்ஸ்டென்ஷன்? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

படித்துக்கொண்டிருக்கும் பக்கத்தை "அப்புறம் பார்க்கலாம்" என்று எடுத்து வைக்க நம்மில் பலர் செய்வது இரண்டுதான். டேப்பை மூடாமல் அப்படியே விட்டுவிடுவோம், இல்லையென்றால் வாட்ஸப்பில் நமக்கு நாமே அனுப்பிக்கொள்வோம். வைக்கும்போது இரண்டும் சுலபம். ஆறு மாதம் கழித்து "அந்தக் கல்வி உதவித்தொகை பக்கம் எங்கே போச்சு?" என்று தேடும்போதுதான் கஷ்டம். இதற்கென்றே பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல்கள், நிறைய இருக்கின்றன. குரோம் வெப் ஸ்டோரில் 'புக்மார்க்' என்று அடித்தால் பக்கம் பக்கமாக வரும். அதில் எதை எடுப்பது, எடுத்ததை எப்படிப் பழகுவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

எந்த எக்ஸ்டென்ஷனைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நாளைக்கே இந்தச் சேவையை மூடிவிட்டால், என் லிங்குகளை முழுதாக எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போக முடியுமா? இது வீண் பயம் இல்லை. 2003-ல் தொடங்கிய டெலிஷியஸ் என்ற தளம்தான் லிங்குகளுக்கு டேக், அதாவது அது எதைப் பற்றியது என்று சொல்லும் சின்ன அடையாளச் சொல், போட்டு வைக்கும் பழக்கத்தைப் பரப்பியது. அதை 2005-ல் யாஹூ வாங்கியது. பிறகு பல கை மாறி, 2017-ல் பின்போர்டு என்ற இன்னொரு புக்மார்க் சேவை வாங்கியபோது புதிதாக லிங்க் சேர்க்கும் வசதியே நிறுத்தப்பட்டது. கட்டுரைகளைச் சேமித்துப் படிக்க உதவிய ஆம்னிவோர் 2024 நவம்பரில் மூடப்பட்டது. ஃபயர்ஃபாக்ஸை நடத்தும் மொசில்லா 2017-ல் வாங்கிய, அதே வேலையைச் செய்த பாக்கெட், எத்தனையோ பேர் வருடக்கணக்கில் நம்பிப் பயன்படுத்தியது, 2025 ஜூலை 8-ல் நின்றுபோனது. சேமித்ததை எடுத்துக்கொள்ளச் சில மாத அவகாசம் கொடுத்தார்கள். அந்த அறிவிப்பைக் கவனிக்காதவர்களின் சேமிப்பு போனது போனதுதான்.

முதல் படி: நீங்கள் எதைச் சேமிக்கிறீர்கள்?

ஒரு வாரத்துக்கு உங்களையே கவனியுங்கள். நீங்கள் சேமிப்பது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். நீளமான கட்டுரையை ராத்திரி ஆற அமரப் படிக்க எடுத்து வைப்பது ஒரு ரகம். அரசு விண்ணப்பப் பக்கம், சமையல் குறிப்பு, பாட நூல் தளம் என்று திரும்பத் திரும்பத் தேவைப்படுவதை எடுத்து வைப்பது இன்னொரு ரகம். ஒரு வேலைக்காகத் திறந்த இருபது டேப்களை மொத்தமாக ஓரங்கட்டி வைப்பது மூன்றாவது.

மூன்றுக்கும் கருவி வேறு வேறு. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போட நினைத்தால், படிக்க வேண்டிய கட்டுரைகளுக்கு நடுவே மின்கட்டணப் பக்கமும் வந்து கிடக்கும். உங்களுக்கு எது அதிகமோ அதற்கு மட்டும் இப்போது தேர்ந்தெடுங்கள்.

இரண்டாம் படி: பிரவுசரில் ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள்

எக்ஸ்டென்ஷன் போடாமலேயே உங்கள் வேலை முடிந்துவிடலாம். கன்ட்ரோல், டி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பக்கம் புக்மார்க் ஆகும். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ அழுத்தினால் சேமித்ததெல்லாம் ஒரே இடத்தில் திறக்கும். குரோமின் முகவரிப் பட்டையில் அட் குறி போட்டு, ஒட்டினாற்போல் ஆங்கிலத்தில் புக்மார்க்ஸ் என்று அடித்து டேப் விசையைத் தட்டினால், இணையத்தை விட்டுவிட்டு உங்கள் சேமிப்புக்குள் மட்டும் தேடும். இந்த வசதி இருப்பதே பலருக்குத் தெரியாது.

ஃபயர்ஃபாக்ஸில் இன்னும் ஒரு படி கூடுதல்: ஒவ்வொரு புக்மார்க்குக்கும் டேக் போடலாம். குரோமில் அது கிடையாது. ஒரே கணினி, ஒரே பிரவுசர், நூறு இருநூறு லிங்க் என்று இருப்பவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம். அலுவலகத்தில் எட்ஜ், வீட்டில் குரோம், கையில் ஐபோன் என்று இருப்பவர்களுக்கும், டேக், குறிப்பு எல்லாம் வேண்டும் என்பவர்களுக்கும்தான் அடுத்த படி.

மூன்றாம் படி: தேவைக்கு ஏற்ற ஒன்று

திரும்பத் திரும்பத் தேவைப்படும் லிங்குகளுக்கு, புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது ரெயின்டிராப். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ், சஃபாரி எல்லாவற்றிலும் வேலை செய்கிறது. போனுக்குத் தனி ஆப் உண்டு. இலவசக் கணக்கிலேயே எத்தனை லிங்க் வேண்டுமானாலும் சேமிக்கலாம். பக்கத்தின் முழு உரைக்குள் தேடுவது, பக்கத்தின் நிரந்தர நகலை வைத்துக்கொள்வது போன்றவை கட்டணம் செலுத்துபவர்களுக்கு. தொடக்கத்தில் அவை தேவைப்படாது.

கட்டுரை படிப்பதுதான் முக்கியம் என்றால் இன்ஸ்டாபேப்பர் பாருங்கள். விளம்பரமெல்லாம் நீக்கி எழுத்தை மட்டும் காட்டும். 2008-லிருந்து இருக்கிறது. டேப்களை ஓரங்கட்ட ஒன்டேப் போதும்: ஐகானை ஒரு முறை அழுத்தினால் திறந்திருக்கும் டேப்கள் எல்லாம் ஒரு பட்டியலாகிவிடும். அந்தப் பட்டியல் உங்கள் கணினியிலேயேதான் இருக்கும், அதனால் எக்ஸ்டென்ஷனை நீக்கினால் பட்டியலும் போய்விடும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவர்கள், ஆய்வு செய்பவர்கள் வேறு எதையும் பார்க்க வேண்டாம், நேரே ஸோட்டீரோ போடுங்கள். 2006-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவானது. திறமூல மென்பொருள் (நிரலை யாரும் திறந்து பார்க்கலாம்), இலவசம். லிங்கோடு ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, கட்டுரையின் கடைசியில் துணைநூல் பட்டியலையும் அதுவே போட்டுத் தரும். சர்வர், டாக்கர் எல்லாம் பழக்கமானவர்கள் லிங்க்டிங், வாலபேக் போன்ற லிங்க் சேமிக்கும் மென்பொருள்களைத் தங்கள் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். புதியவர்களுக்கு இப்போது அது வேண்டாம்.

நான்காம் படி: இன்ஸ்டால் செய்யும் முன் சோதனை

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். எக்ஸ்டென்ஷன் என்பது உங்கள் பிரவுசருக்குள் உட்கார்ந்து ஓடும் ஒரு நிரல். அனுமதி கொடுத்துவிட்டால் நீங்கள் திறக்கும் பக்கங்களை, வங்கிப் பக்கம் உட்பட, அதனால் படிக்க முடியும்.

தி கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பயன்படுத்தாத டேப்களைத் தூங்க வைத்து நினைவகத்தை மிச்சப்படுத்துவது அதன் வேலை. லட்சக்கணக்கானவர்கள் வைத்திருந்தார்கள், திறமூலம், நல்ல பெயர். 2020-ல் அதை உருவாக்கியவர் வேறொருவர் கையில் ஒப்படைத்தார். 2021 பிப்ரவரியில், தீங்கான நிரல் இருக்கிறது என்று கூகுள் அதை ஸ்டோரிலிருந்தே நீக்கி, பயனர்களின் பிரவுசர்களிலும் முடக்கியது. எக்ஸ்டென்ஷன்கள் தானாகவே அப்டேட் ஆவதால், கை மாறிய விஷயம் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியவே இல்லை. ஆகவே நட்சத்திர மதிப்பீட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

ஸ்டோர் பக்கத்தில் கீழே இறங்குங்கள். உருவாக்கியவரின் பெயரும் இணையதளமும் இருக்கிறதா, கடைசியாக எப்போது அப்டேட் செய்தார்கள், தனியுரிமைப் பகுதியில் எந்தத் தகவலைத் திரட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று படியுங்கள். அண்மைய விமர்சனங்களைத் தேதி வரிசையில் பாருங்கள். திடீரென்று விளம்பரம் வருகிறது என்று பலர் எழுதியிருந்தால் அதைத் தொடாதீர்கள். இன்ஸ்டால் அழுத்தியதும் குரோம் ஒரு சின்னப் பெட்டியில் அனுமதிகளைக் காட்டும். "எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்" என்ற வரி இருந்தால், லிங்க் சேமிக்க அது எதற்கு என்று யோசியுங்கள். பக்கத்தில் கோடிட்டுக் குறிக்கும் வசதி இருந்தால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. வெறும் லிங்க் சேமிக்க, நீங்கள் ஐகானை அழுத்தும் நேரத்தில் அந்த ஒரு பக்கத்தைப் பார்த்தாலே போதும்.

அனுமதி கேட்கிறது, ஆனாலும் எக்ஸ்டென்ஷன் நன்றாக இருக்கிறது என்றால் ஒரு வழி இருக்கிறது. குரோமில் எக்ஸ்டென்ஷனின் விவரப் பக்கத்துக்குப் போய், தள அணுகல் என்ற இடத்தில் 'கிளிக் செய்யும்போது மட்டும்' என்று மாற்றி வையுங்கள். அப்புறம் நீங்கள் அழுத்தாமல் அது எந்தப் பக்கத்தையும் தொடாது.

ஐந்தாம் படி: முதல் லிங்கைச் சேமியுங்கள்

ரெயின்டிராப்பை வைத்தே சொல்கிறேன். இன்ஸ்டால் ஆனதும் ஐகான் கண்ணில் படாமல் இருக்கலாம். முகவரிப் பட்டைக்கு வலப்பக்கம் இருக்கும் புதிர்த்துண்டு படத்தை அழுத்தி, பெயருக்குப் பக்கத்தில் உள்ள குண்டூசியைத் தட்டினால் வெளியே வந்து நிற்கும். கணக்கு தொடங்கி உள்ளே வாருங்கள்.

இப்போது தமிழ் விக்கிப்பீடியாவில் கேழ்வரகு பக்கத்தைத் திறந்து ஐகானை அழுத்துங்கள். தலைப்பு, படம், சுருக்கம் தானாக வந்துவிடும். முகவரியைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். தமிழ் எழுத்துகளுக்குப் பதில் சதவீதக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக நீளமாக ஓடும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று பைட் எடுப்பதால், முகவரியில் ஒரு எழுத்தே ஒன்பது குறிகளாகவோ அதற்கு மேலாகவோ ஆகிவிடுகிறது. லிங்க் சரியாகத்தான் வேலை செய்யும். ஆனால் அந்த முகவரியைப் பார்த்து நமக்கு ஒன்றும் புரியாது என்பதால், தமிழ்ப் பக்கங்களைப் பொறுத்தவரை தலைப்புதான் எல்லாம். வெறும் 'முகப்பு' என்றோ 'ஹோம்' என்றோ வந்திருந்தால் அங்கேயே திருத்துங்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு முந்தைய எழுத்துருக்களில் அமைந்த பழைய தளங்களில் தலைப்பு புரியாத குறிகளாக வரும். அதை அழித்துவிட்டு நீங்களே தமிழில் எழுதுங்கள்.

அடுத்து, தொகுப்பும் டேக்கும். தொகுப்பு நான்கைந்துக்கு மேல் வேண்டாம்: வேலை, வீடு, படிப்பு, படிக்க வேண்டியவை. நுணுக்கமான பிரிவுகளை டேக்கிடம் விடுங்கள். கேழ்வரகு பக்கத்துக்கு 'சிறுதானியம்', 'சமையல்' என்று போடலாம். அதையே நாளைக்கு ஆங்கில எழுத்தில் தட்டினால் இரண்டு தனி டேக் ஆகிவிடும். தமிழா ஆங்கிலமா என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தமிழில் டேக் போடுபவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 'கொள்ளு' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறாக இருக்கலாம், தேடும்போது ஒன்று மட்டும் வராமல் போகலாம். இன்றைய கீபோர்டுகள் பெரும்பாலும் ஒரே குறியாகத்தான் அடிக்கும். பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டும்போதுதான் இந்தக் கோளாறு வரும். டேக்கை எங்கிருந்தும் ஒட்டாதீர்கள். முதல் இரண்டு எழுத்தை அடித்ததும் கீழே வரும் பட்டியலிலிருந்து எடுங்கள்.

ஆறாம் படி: வெளியே எடுத்துப் பாருங்கள்

பத்து லிங்க் சேர்ந்ததும் இதைச் செய்யுங்கள், ஆயிரம் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். செட்டிங்ஸில் எக்ஸ்போர்ட் பகுதிக்குப் போனால் எச்டிஎம்எல் (இணையப் பக்க வடிவம்), சிஎஸ்வி (அட்டவணை வடிவம்) என்று கேட்கும். எச்டிஎம்எல் கோப்பை இறக்குங்கள். இது நெட்ஸ்கேப் என்ற பழைய பிரவுசர் காலத்திலிருந்து வரும் புக்மார்க் வடிவம். நெட்ஸ்கேப் பிரவுசர் போய்ப் பல வருடங்கள் ஆகியும், குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் இன்றைக்கும் இதைத்தான் புரிந்துகொள்கின்றன. அந்தக் கோப்பை வேறொரு பிரவுசரில் இம்போர்ட் செய்து, பத்தும் வந்ததா, தமிழ்த் தலைப்புகள் சிதையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். குரோமில் டேக் என்பதே இல்லாததால் அங்கே டேக்குகள் வராது. அவற்றையும் காப்பாற்றச் சிஎஸ்வி கோப்பையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனையில் தேறாத எக்ஸ்டென்ஷன் எவ்வளவு அழகாக இருந்தாலும் அப்போதே நீக்கிவிடுங்கள். தேறியதென்றால் மாதம் ஒரு முறை எக்ஸ்போர்ட் செய்து, கோப்பின் பெயரில் தேதி போட்டு வையுங்கள்.

லிங்க் உங்களிடம் பத்திரமாக இருந்தாலும் பக்கம் இருக்குமா என்பது வேறு கேள்வி. 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடம் கழித்துத் திறக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்டது. உங்களுக்கு மிக முக்கியமான பக்கங்களை இணையப் பக்கங்களின் நகலைப் பாதுகாத்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினிலும் சேமித்துவிடுங்கள். அதற்கும் ஓர் எக்ஸ்டென்ஷன் இருக்கிறது, இலவசம். பொதுப் பக்கங்களுக்கு மட்டும்தான் இது. லாகின் செய்து பார்க்கும் பக்கங்களுக்கு உதவாது.

ஏழாம் படி: போன்

ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் போட முடியாது. ரெயின்டிராப் ஆப்பை இன்ஸ்டால் செய்தால், எந்தப் பக்கத்திலும் ஷேர் அழுத்தும்போது வாட்ஸப்புக்குப் பக்கத்திலேயே அதுவும் நிற்கும். ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் எக்ஸ்டென்ஷன்கள் வேலை செய்யும். ஐபோனில் சஃபாரிக்கும் உண்டு, ஆனால் அங்கும் ஷேர் வழிதான் கைக்கு எளிது.

பழைய புக்மார்க்குகள் ஐந்நூறு இருக்கிறதே என்றால், எல்லாவற்றையும் 'பழையவை' என்ற ஒரே தொகுப்பில் இம்போர்ட் செய்துவிட்டு அப்படியே விடுங்கள். உட்கார்ந்து வரிசைப்படுத்தாதீர்கள். தேடும்போது எது கிடைக்கிறதோ அதற்கு மட்டும் அப்போது டேக் போட்டுச் சரியான தொகுப்புக்கு மாற்றுங்கள். வாட்ஸப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பியவற்றுக்கும் இதே வழிதான்.